பின்வாசல் வழியாக வேண்டாம்

ஏப்ரல் 29, 1957
கடற்கரை நடைபாதையில் துணி நாற்காலிகளைப் போட்டுவிட்டார்கள். மணிக்கூண்டைச் சுற்றிப் பூச்செடி நட்டாயிற்று. எங்கள் ஊர் பிரையர்ஸ் பே சீசனுக்குத் தயார். வறுத்த மீன் கடைக்கு நகரசபை இந்த ஆண்டும் அனுமதி தரவில்லை. ஓட்டலின் காலைச் சாப்பாட்டில், எங்களைப்போல இங்கேயே குடியிருக்கும் மிஸ்டர் ஓக்‌ஷாட் போரில் ஜெயித்தவர்போல அறிவித்தார். "நமக்குன்னு ஒரு தராதரம் வேண்டாமா?"
முரியல் என் காதில், "மூக்கைப் பொத்திக்கிட்டே செத்துருவார் பாரு" என்றாள். ஓட்டலில் என்னைச் சிரிக்கவைப்பவள் அவள் ஒருத்திதான். பிறகு என்னை 'ஆனி' என்று கூப்பிட்டாள். ஆனி அவள் தங்கை. இறந்து நெடுங்காலமாகிறது.

மே 11
பேண்டு மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் முரியல் எழுந்து நின்று பாடினாள். வேறு ஏதோ பாட்டு. யாரும் திரும்பவில்லை. எல்லோரும் கடலையே பார்த்தார்கள். இந்த ஊரின் நாகரிகம் அது, பார்க்காமல் இருப்பது. நானும்தான் ஒரு நிமிடம் கடலைப் பார்த்தேன்.

மே 12
இன்று தெளிவாக இருக்கிறாள். ஒருவேளை ஒன்றுமில்லையோ?

மே 27
நடுப்பகல், நல்ல வெயில், கூட்டம். முரியல் தொப்பியும் காலணியுமாகக் கடலுக்குள் நடந்துபோனாள். இடுப்பளவு தண்ணீரில் பிடித்தேன்.
"விடு ஹில்டா, எர்னஸ்ட் கூப்பிடுறாரு."
எர்னஸ்ட் அவள் கணவர். அவரும் இல்லை.
அவளை இழுத்துக்கொண்டு கரையேறினேன். அத்தனை நாற்காலிகளிலிருந்து ஒரு கை நீளவில்லை. ஒருவர் மட்டும் தொப்பியை உயர்த்தி, "இன்னிக்கு அருமையான வெயில்" என்றார். ஈரப்பாவாடையோடு நானும் ஆமாம் என்றேன். ஆமாம் என்றேனே! என்ன பிறவி நாங்கள்?

மே 28
ஓட்டல்காரி மிஸஸ் ஹார்கிரீவ் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "மிஸ் டன், எனக்கு மட்டும் மனசு இல்லையா? ஆனா இது சீசன். குடும்பங்க வர்ற நேரம். மிஸஸ் லாம்பர்ட்டோட மருமகன்கிட்ட பேசிட்டேன். டாக்டரும் கையெழுத்துப் போட்டுட்டாரு."
மனநோய் மருத்துவமனை. கடலைவிட்டு வெகு தூரம், மலைக்கு அப்பால்.
"எல்லாரும் சாப்பிடுற நேரத்துல கார் பின்வாசலுக்கு வரும். யாருக்கும் சங்கடம் இருக்காது."
யாருக்கும்.
நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "உங்களால ஒரு நாள் முடியும். அப்புறம்?" என்றாள். அவள் சொன்னது உண்மை. அதுதான் கொடுமை.

ஜூன் 3
பின்வாசல் வழியாக அனுப்பவில்லை. கையைப் பிடித்துச் சாப்பாட்டுக்கூடத்தின் நடுவே கூட்டிவந்தேன். முரியல் ஒவ்வொரு மேசைக்கும் காலை வணக்கம் சொன்னாள். கரண்டிச் சத்தம் நின்றது. எல்லோரும் தட்டையே பார்த்தார்கள். மிஸ்டர் ஓக்‌ஷாட் மட்டும் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "போயிட்டு வாங்க, மிஸஸ் லாம்பர்ட்" என்றார்.
காரைச் சுற்றி முன்பக்கம் வரவைத்தேன். ஏறும்போது, "நீ வரலையா?" என்றாள்.

ஜூன் 4
அவள் அறையில் லீட்ஸிலிருந்து ஒரு தம்பதி. கடல் கண்ணாடிபோல இருக்கிறது. ஜன்னலை மூடிவிட்டேன்.

ஜூன் 20
பேருந்தில் போய்ப் பார்த்தேன். நீளமான கூடம், வரிசையாகக் கட்டில்கள், ஜன்னல்கள் தலைக்கு மேலே. முடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். தன் முடியைத் தானே தேடுவதுபோலக் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.
நர்ஸ் சொன்னாள்: "அவங்களுக்கு ஆள் அடையாளம் தெரியாதும்மா. இவ்வளவு தூரம் எதுக்கு அலையறீங்க?"
இரவுச் சாப்பாட்டில் அவளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பூந்தோட்டப் போட்டியில் நம் ஊருக்கு முதல் பரிசாம்.

ஜூலை 8
மிஸஸ் ஹார்கிரீவிடம் அறையைக் காலி செய்துவிட்டு, முரியலின் மருத்துவமனை இருக்கும் ஊருக்குப் போவதாகச் சொன்னேன். "அங்க போயா இருக்கப்போறீங்க? அந்த ஊர்ல என்னதான் இருக்கு?"
ஒன்றும் இல்லைதான்.

செப்டம்பர் 9
சரக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் என் அறை. துணி காயப்போட்டால் கரி படிகிறது. வீட்டுக்காரி படியில் நின்று சத்தமாகச் சண்டை போடுகிறாள். சண்டை முடிந்ததும் எனக்கு சூப் கொண்டுவருகிறாள்.
மத்தியானம் முரியலிடம் போனேன். என் பெயரைக் கேட்டாள். ஹில்டா என்றேன்.
"எனக்கும் ஹில்டான்னு ஒரு சிநேகிதி இருக்கா. கடல்கிட்ட இருக்கா. இந்தப் பக்கம் வரவே மாட்டா."
பிறகு தன் ரொட்டியைப் பிய்த்து, பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள். வாங்கித் தின்றேன்.