தொட்டிலைத் தொடுமுன் கழற்றிய வாட்ச்

அக்கா,

இந்த வாட்சின் பட்டையில் இரண்டு துளைகள் மட்டும் தளர்ந்திருக்கின்றன. ஒன்று ஓரத்தில் இருக்கிறது, மற்றது நன்றாக உள்ளே தள்ளி. உங்கள் கை இளைத்த கதை அந்த ரப்பரில் அப்படியே இருக்கிறது. நேற்று அத்தான்தான், “பெட்டிக்குள்ள சும்மா கெடக்கு, நீ கட்டிக்கத்தா” என்று கொண்டுவந்து கொடுத்தார். இன்று என் போனில் அதே ஆப்போடு இணைத்தேன். எனக்கும் சர்க்கரை எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதாம். நீங்கள் நெஞ்சுவலியில் போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்போதுதான் உங்களுக்கு எழுத வருகிறது.

அண்ணன் தம்பியைக் கட்டி, ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாம். அன்று என் மகன் தொட்டில் பிள்ளை. உங்களுக்கோ மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும், ஆனால் சர்க்கரை இறங்காமல் கத்தி வைக்க முடியாது என்று மதுரையில் டாக்டரம்மா சொல்லிவிட்டார். படித்தவள் என்று நான்தான் இந்த வாட்சை வாங்கவைத்தேன். தின்பதை நாம் ஆப்பில் போட வேண்டும். நடப்பதை வாட்ச் போட்டுவிடும். நடந்த அளவுக்கு, இன்னும் எவ்வளவு சாப்பிடலாம் என்று ஆப் சொல்லும். உங்களுக்குப் பிடித்தது அந்தக் கடைசி வசதிதான்.

“ஏத்தா, இன்னும் ஒரு கை காராச்சேவு திங்கலாம்னு உன் ஆப்பே சொல்லுது. நீ யாரு தடுக்க?”

அடுத்த சோதனையில் சர்க்கரை இறங்கவே இல்லை. திரும்பும் பஸ் காரியாபட்டியைத் தாண்டியதும் மெல்ல, “வாச்சு சொன்னத எல்லாம் முடிச்சேனேத்தா” என்றீர்கள்.

காரணம் மறுநாள் மத்தியானம் தெரிந்தது. நீங்கள் உட்கார்ந்தபடி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். வாசலைக்கூடத் தாண்டவில்லை. கையிலிருந்த வாட்ச் அதிர்ந்து, இன்றைய நடை முடிந்தது என்று பாராட்டியது.

“அக்கா, கை ஆடுறத எல்லாம் இது நடைன்னு எழுதிருக்கு!”

வாட்சையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். “அப்ப நான் தின்ன சேவெல்லாம் உம் மகன் நடந்த நடையா?” என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பிள்ளை விழித்துக்கொண்டது. என் பிசகுதானே என்ற கூச்சத்தில், “தொட்டில் ஆட்டுறதும் ஒழைப்புதானக்கா, பாதியாவது சேத்துக்கலாம்” என்றேன்.

“வேணாம்த்தா. டாக்டரம்மா ரத்தத்தப் பாக்கப் போறாகளா, வாச்சப் பாக்கப் போறாகளா?”

அன்றிலிருந்து தொட்டிலைத் தொடுமுன் வாட்சைக் கழற்றி ஜன்னலில் வைத்தீர்கள். சாயங்காலம் சேலைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு திருச்சுழி ரோட்டில் இறங்கினீர்கள். டீக்கடைக்காரர் சும்மா இருப்பாரா?

“என்ன மதினி, பஸ்ஸ விட்டுட்டீகளா?”

“ஆமா கொழுந்தனாரே, வெரட்டிப் புடிக்கத்தேன் போறேன். வாரீகளா?”

கடையே சிரித்தது. நீங்கள் நிற்கவில்லை. உதிரப்போக்கு ஓய்ந்த நாளெல்லாம் நடந்தீர்கள். கருவைக் காட்டு அனலில் முகம் கறுத்தது, பட்டை உள்துளைக்குப் போனது, சர்க்கரையும் இறங்கியது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும், பக்கத்தில் நின்ற நர்ஸிடம் என்னைக் காட்டி, “இவ எந்தங்கச்சி, காலேசு படிச்சவ” என்றீர்கள். கணக்கைப் பிசகாக இணைத்துக் கொடுத்த என்னைப் பற்றி அத்தனை பெருமை உங்களுக்கு. எனக்கோ, உங்களைத் தெரிந்தவள் என்று அந்த வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டும்போல இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை எனக்கு ரத்தச் சோதனை. சற்றுமுன் மகன் சாப்பிட்டுவிட்டுப் போன தட்டில் நெய் ஊற்றிப் பிசைந்த சோறு பாதி கிடந்தது. வீணாகிறதே என்று வழித்துத் தின்றேன், தினமும் செய்வதுதான். பிள்ளையின் மிச்சத்தை எந்தத் தாய் தன் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிறாள்? நானும் சேர்த்ததில்லை. இன்று சேர்த்தேன். இன்றைய அளவு தாண்டிவிட்டதென்று ஆப் சிவப்பாகிவிட்டது.

அழிக்கவில்லை, அக்கா.