வேண்டாத பிள்ளைக்கு ஒரு பால்குடம்

ஜனவரி 25, சனி

மழை இல்லை. பத்து மணிக்கே கூரைத் தகரம் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. துணி துவைத்தாயிற்று. கோப்பித்தூள் தீர்ந்தது, பாசாரில் வாங்க வேண்டும். பள்ளிக்கூட நோட்டுகள் முப்பத்தெட்டு, திருத்தியது ஆறு.

ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் பக்கத்து வீட்டுப் பெரிய கிராணியின் சம்சாரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். (இனி பெ.கி.ச. முழுதாக எழுத மை வீண்.) நாளைக்கு அவள் மகளுக்கு வளைகாப்பு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் பதினாறு வீடு. பதினான்கு வீட்டுக்கு அழைப்பு.

"டீச்சரம்மா, ஒங்க பெரிய அண்டா ரெண்டு நாளைக்கு வேணுமே."

"வளைகாப்புக்கா?"

"ஆமா... ஒங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் ஒங்களுக்குச் சொல்லல. தப்பா நெனைக்காதீங்க லா."

என் மனசுமேல் எவ்வளவு கரிசனம்! என் கண் பட்டால் மகளுக்கு ஆகாது. என் அண்டாவில் சோறு வெந்தால் மட்டும் ஆகும். அண்டாவில் ஓட்டை என்று சொல்லிவிட்டேன். ஓட்டை ஒன்றும் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

பக்கத்து வீட்டில் ஒரே சிரிப்பு, வளையல் சத்தம். நானும் என் வீட்டுக்காரரும் பதினொரு மணி வரை பத்திரிகை படித்தோம். மீன் குழம்பு. பிறகு தூக்கம். இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதினான்கு வீட்டில் யாருக்கு இருக்கிறது?

இந்த மாதம் இலவசமாக வந்த யோசனைகள்:
— அரச மரத்தை நாற்பத்தெட்டு நாள் சுற்று. (பால்காரர் மனைவி. சுற்றிச் சுற்றி அவளுக்கு எட்டு.)
— கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு மலாய்க்கார போமோ, மந்திரித்துத் தண்ணீர் ஓதிக் கொடுப்பார். (பெ.கி.ச.)
— சைக்கிளில் போகாதே. (பலர்.)
— நிறையப் படித்தால் கர்ப்பப்பை சூடாகிவிடும். (எங்கள் தலைமையாசிரியர், நேராக என்னிடமே!)

தலைமையாசிரியர் போன வாரம் இன்னொன்றும் சொன்னார். "பெத்தவங்களுக்குத்தாம்மா புள்ளைங்க மனசு புரியும்." அவருக்கு ஏழு. மூன்றாவது பையன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்று என்னிடம்தான் கேட்டார்.

பிள்ளை வேண்டாம் என்று இருக்கிறோம் என ஒருவரிடமும் சொல்லி முடிக்க முடிந்ததில்லை. பாதியிலேயே "ஐயோ பாவம்" வந்துவிடும். எனக்குப் பிள்ளைகளைப் பிடிக்காது என்றில்லை. முப்பத்தெட்டு பேருக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன். ஒரு மணிக்கு மணி அடித்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதுவே நிறைவு.

ரப்பர் தோட்டத்தில் என் அம்மா ஒன்பது பெற்றாள். நான் மூத்தவள். எட்டுப் பேரும் என் இடுப்பில்தான் வளர்ந்தார்கள். ஒன்பதாவது பிரசவத்தில் அம்மா போனாள். பதினைந்து வயதிலேயே நான் ஒரு தாயாக இருந்து முடித்துவிட்டேன். இதையெல்லாம் வேலிக்கு மேலே நின்று யாரிடம் சொல்ல?

ஜனவரி 28, செவ்வாய்

சாயங்காலம் தூறல்.

கிள்ளானிலிருந்து நாத்தனாரின் தபால் அட்டை. இவருடைய அக்கா, நேரில் நான் அண்ணி என்பேன். மளிகைக் கடைக்காரர் மனைவி, ஆறு பிள்ளைகள். அட்டை இவர் பெயருக்கு. தபால்காரன் தவறிப் பெ.கி.ச. வீட்டில் போட்டுவிட்டானாம். அவள் கொண்டுவந்து கொடுத்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மனப்பாடம் ஆகியிருக்கிறது.

"தம்பிக்கு ஆசீர்வாதம். நீ ஒத்துக்கொண்டபடி பிள்ளை வரம் கேட்டுத் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம். இன்று முதல் விரதம். மீன், கறி கூடாது. தனிப் படுக்கை. உனக்காக நானும் ஒருவேளைச் சாப்பாடு. மரகதத்திடம் பக்குவமாகச் சொல்."

நீ ஒத்துக்கொண்டபடி. மூன்று தடவை படித்தேன்.

ஐந்தரைக்கு இவர் வந்தார். சட்டையைக் கழற்றக் கூட விடவில்லை.

"அக்கா எனக்கு ரெண்டாங் கல்யாணம்னு பேச்செடுத்துட்டா, மரகதம். கிள்ளான்லயே ஒரு பொண்ணு பாத்து வச்சிருக்கா. அவ வாய அடைக்கத்தான் பால்குடம் எடுக்கிறேன்னேன்."

"வேணாம்னு இருக்கோம்னு சொல்லியிருக்கலாமே?"

"அத எப்படிச் சொல்றது?"

"அப்ப என்ன சொன்னீங்க?"

தலையைச் சொறிந்தார். "டாக்டர் பாத்துட்டாரு... ஒனக்கு உள்ள ஏதோ கொறைன்னு."

நான் எந்த டாக்டரிடமும் போனதில்லை. ஒன்பது வருஷமாக ஒரு காய்ச்சல் கிடையாது. இவருடைய மானத்தைக் காப்பாற்ற என் வயிற்றில் ஒரு குறையை உண்டாக்கியிருக்கிறார்.

இத்தனைக்கும் முதலில் வாயைத் திறந்தது இவர்தான். கல்யாணமான புதிதில் போர்ட் ஸ்வெட்டன்ஹாமுக்குக் கப்பல் பார்க்கப் போயிருந்தோம். பாலத்தில் நின்று கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு, "எனக்குப் புள்ள குட்டியெல்லாம் வேணாம்னு தோணுது, நீ என்ன சொல்ற?" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு இவர்மேல் ஆசையே வந்தது. இப்படியும் ஒரு ஆண்பிள்ளை உண்டா என்று மலைத்துப்போனேன். ஒன்பது வருஷம் மலைத்தது போதும்.

ஜனவரி 30, வியாழன்

இவர் கூடத்தில் பாயில். நான் உள்ளே. பிள்ளை வரம் கேட்கும் விரதத்துக்கு முதல் விதி தனிப் படுக்கை. எந்த மகான் ஏற்படுத்தியதோ. நினைத்து நினைத்துச் சிரித்தேன். சிரிப்பு நின்றதும் அழுகை வந்தது, அது வேறு விஷயம்.

பெ.கி.ச. புதுப் பிரியத்தோடு வாழைக்காய் கொண்டுவந்து கொடுத்தாள். "ஐயா வெரதமாமே. நல்லதே நடக்கும்." வரிசை முழுக்கப் பரவிவிட்டது. குழாயடியில் எனக்கு முதலில் தண்ணீர் விடுகிறார்கள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

கத்தரிக்காய். பத்திரிகையை இரண்டாகக் கிழித்தாற்போல் ஆளுக்கொரு பக்கம் படித்தோம்.

மத்தியானம் ஒன்று கேட்டேன். "கொடம் தூக்கிட்டுப் போய் முருகன்கிட்ட என்ன கேப்பீங்க?"

"ஒண்ணும் கேக்க மாட்டேன். சும்மா கும்பிட்டுட்டு வந்துருவேன்."

அக்காவுக்கு ஒரு பொய், சாமிக்கு ஒரு மழுப்பல். கூட்ஸ் ஆபீசில் இருபது வருஷம் துரைக்கும் கூலிக்கும் நடுவில் நின்று தலையாட்டிய பழக்கம்.

நேராகவே சொல்லிவிட்டேன். தைப்பூசத்துக்குள் அக்காவிடம் உண்மையை நீங்கள் சொல்ல வேண்டும். உங்கள் வாயால். நான் குறையுள்ளவளாக இந்த வீட்டில் இருக்க மாட்டேன். "சரி" என்றார். இவருடைய "சரி" எப்படிப்பட்டது என்று இப்போது தெரியும்.

பிப்ரவரி 6, வியாழன்

நாத்தனார் நான்கு மணி ரயிலில் வந்துவிட்டாள். கடைக்குட்டி கமலத்தையும் தூக்கிக்கொண்டு. பதினாலு மாதம், இன்னும் தாய்ப்பால். மற்ற ஐந்தும் கிள்ளானில், மாமியார் பொறுப்பில். கூடையில் எலுமிச்சம்பழம், மஞ்சள் துணி, குடம். வந்ததும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "கவலப்படாத. அடுத்த பூசத்துக்குப் புள்ளயக் கரும்புத் தொட்டில்ல போட்டுத் தூக்கப்போற."

இவரைப் பார்த்தேன். இவர் விசிறியைத் தேடிக்கொண்டிருந்தார். விசிறி கையிலேயே இருந்தது.

மெலிந்திருக்கிறாள். ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றாள், விரதமாம். நான் வற்புறுத்தவில்லை. எனக்கு அவள்மேல் கோபம்.

பிப்ரவரி 7, வெள்ளி. தைப்பூசம்

ஸ்பெஷல் ரயிலில் நிற்க இடமில்லை. கமலம் என் இடுப்பில். பழைய இடுப்புதானே, தானாக வளைந்து கொடுத்தது. பார்த்தவர்களெல்லாம் உச்சுக்கொட்டினார்கள்.

ஆற்றில் குளியல், மஞ்சள் வேட்டி, தலையில் குடம். இவரைப் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, சொல்லாமல் இருப்பானேன். நாத்தனார் செருப்பில்லாமல் சுடுகல்லில் பின்னாலேயே நடந்தாள். "வேல் வேல்" என்று தொண்டை கட்டும் வரை. மரப்படி ஏறும்போது பார்த்தேன், அவள் உள்ளங்கால் இரண்டும் கொப்புளம்.

மேலே சந்நிதியில் குருக்கள் அவசரத்தில் இருந்தார். பெயர், நட்சத்திரம் கேட்டார். பிறகு, "என்ன பிரார்த்தனை?"

இவர் குடத்து மஞ்சள் துணியைச் சரிசெய்தார். நாத்தனார் முந்திக்கொண்டாள். "புள்ள வரம், சாமி."

நான் இவரை ஒரு நிமிஷம் பார்த்தேன். பிறகு சொன்னேன். "இல்ல சாமி. எங்களுக்குப் புள்ள வேணாம். ரெண்டு பேரும் பேசித்தான் வேணாம்னு இருக்கோம். எனக்கு ஒரு கொறையும் இல்ல."

குருக்கள் கையில் தட்டு அப்படியே நின்றது. பின்னால் நின்றவர்கள் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். அப்போது இவருக்கு வாய் வந்தது.

"ஏக்கத்துல பேசுறா, சாமி. பாவம், மனசு சரியில்ல. நீங்க புள்ள வரம்னே சொல்லுங்க."

நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். முன்பின் தெரியாத ஒருத்தி என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக உண்மையைச் சத்தமாகச் சொன்னேன், எனக்குக் கிடைத்தது இரண்டு பங்கு விபூதி.

திரும்பி வரும் ரயிலில் இவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால் எழுந்து போயிருப்பேன். இவரை எனக்குப் பிடிக்கவில்லை. எழுதிப் பார்த்தேன், எழுதினாலும் அப்படித்தான் இருக்கிறது.

பிப்ரவரி 8, சனி

காலை வெயில். நாத்தனாருக்குப் பதினோரு மணி ரயில்.

எட்டு மணிக்குக் குளித்துவிட்டு வந்து எங்கள் இரண்டு பேரையும் கூடத்தில் உட்காரச் சொன்னாள். கூடையிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். கமலத்தின் சட்டை நான்கு, பால் சங்கு, வசம்பு. பிறகு கமலத்தைத் தூக்கித் தம்பி மடியில் வைத்தாள்.

"நேத்து மரகதம் பேசுனத கேட்டதுலருந்து எனக்குத் தொண்டையில எதுவும் எறங்கல. வேணாம்னு சொல்ற அளவுக்கு மனசு வெறுத்துப்போச்சே. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். எனக்கு இன்னும் அஞ்சு இருக்கு. இவள நீங்க வச்சுக்குங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

தோட்டத்திலும் டவுனிலும் இப்படிப் பிள்ளை கொடுப்பது புதிதல்ல. கொடுத்தால் கொடுத்ததுதான். அவள் கை மட்டும் பிள்ளையின் காலை விடவில்லை.

நேற்று நான் சொல்லியாயிற்று. இவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கமலம் இவர் மடியிலேயே மூத்திரம் போனாள்.

"அக்கா... வேணாங்க்கா."

"ஏண்டா, பொம்பளப் புள்ளன்னா?"

"அது இல்லக்கா. எங்களுக்குப் புள்ளயே வேணாம்."

"எங்களுக்கா? அவளுக்கா?"

நெற்றியைத் துடைத்தார். "எனக்கு. மொதல்ல சொன்னது நான். டாக்டர் கதையெல்லாம் நான் கட்டுனது. அவளுக்கு ஒண்ணுமில்ல."

கேட்க வேண்டும் என்று பத்து நாளாகக் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் மனசு குளிரும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் குளிரவில்லை.

நாத்தனார் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். வாங்கி மாரோடு அழுத்திக்கொண்டாள். பிறகு தம்பியைக் கேட்டாள், சத்தமே போடாமல்.

"அப்ப பால்கொடம் எதுக்குடா தூக்குன?"

இவர் நனைந்த வேட்டியை உதறினார்.

"பத்து நாளா ஒருவேளை தின்னேன்டா. பால் குடிக்கிற புள்ளைய வச்சுக்கிட்டு. பால் வத்திப்போய் இவ ராத்திரியெல்லாம் கத்துனா. ஒனக்காகத்தானேன்னு இருந்தேன்."

இவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லிக் காப்பாற்றிவிடுவேன் என்று. நான் எழுந்து போய் அண்ணிக்கு இலை போட்டேன்.