பச்சைப் பொத்தான்

பாறசாலை,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஆன்சனுக்கு அப்பா நேசையன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்தை அம்மா போனில் பேசுவதை ஒட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஒரு பஸ் மாறினால் வந்துவிடும் விழிஞ்ஞத்துக்குத் தபால் போடுகிறானே என்று தபால் ஆபீஸில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் நம்பரைக் கண்டால் நீ போனை எடுப்பதில்லை. ஈமெயில் அனுப்பலாம் என்றால் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. துறைமுக வேலை எப்படி, அறையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று அம்மா போனில் உன்னிடம் கேட்பது காதில் விழுந்தது. நானும் கேட்கிறேன்.

நீ போனால் அந்த அசிங்கம் நின்றுவிடும் என்று நினைத்தேன். கூடித்தான் போனது. சபை அறிக்கையைத் திறந்தால் ரம்மி விளம்பரம். அதை மூடினால் தொப்பை குறைக்கும் மாத்திரை. அதையும் மூடினால் உடுப்பில்லாத ஒருத்தி வந்து பெயர் என்ன என்று கேட்பாள். மூடுவதற்கான பெருக்கல் குறியைக்கூட அந்த அயோக்கியர்கள் விளம்பரமாகவே செய்து வைத்திருந்தார்கள். இதைச் செய்து பிழைக்கிறவன் வீட்டில் சோறு எப்படி இறங்குமோ தெரியவில்லை.

நம் வீட்டு ஜெபக்கூட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். பாட்டு வரிகள் எல்லோருக்கும் தெரியட்டும் என்று நான்தான் கம்ப்யூட்டரை டிவியோடு இணைத்தேன். மூன்றாம் சரணத்தில் அந்தக் கண்றாவி வந்து நின்றது. பக்கத்து வீட்டு ஜெயஷீலா தன் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினாள், உன் அம்மா மேஜை விரிப்பை உருவி டிவி மேல் போட்டாள். நீ ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாய். நான் அத்தனை பேர் முன்னால், இந்த வீட்டில் வாலிபப் பையன் ஒருவன்தானே இருக்கிறான் என்றேன். நீ தலை குனிந்து நின்றதையும் குற்றம் என்றே எடுத்துக்கொண்டேன்.

அதோடு விட்டேனா? வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று கண்டுபிடித்துத் தரும் புரோகிராம், இலவசம் என்று ஒரு விளம்பரம் வந்தது. அதே குப்பைக்குள்ளிருந்து வந்ததுதான். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று அதையும் ஏற்றினேன். பதினோராம் நாள் காலையில் நீ அதைக் கண்டுபிடித்தாய். சத்தம் போடவில்லை. அப்பா, இனி நான் இந்த வீட்டுல இருக்கண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாளே சிஜி, அவளைச் சனிக்கிழமை வரவழைத்தேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "அங்கிளே, இது ஆன்சன் செய்த காரியமல்ல. பாட்டு வரி இலவசம்னு பச்சைப் பொத்தான் கண்ட இடத்துல எல்லாம் நீங்களாக்கும் அமுக்கியிருக்கீங்க, எல்லாம் அதுக்க கூடே வந்தது" என்றாள். நான் ஏற்றிய அந்த வேவுக்காரன், நாம் தட்டச்சு செய்வதையெல்லாம் ஊர் பேர் தெரியாத யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்ததாம். அந்தக் கம்ப்யூட்டரில்தான் சபையாரின் ஜெபக் குறிப்புகளை நான் அடித்தேன். யாருக்கு என்ன நோய், யார் வீட்டில் என்ன சண்டை என்று என்னை நம்பிச் சொன்னதெல்லாம் போய்விட்டது.

அது ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திரையைப் படம் எடுத்தும் வைத்திருந்தது. சிஜி அதைத் திறந்து காட்டினாள். காலை ஆறு மணிப் படங்கள் உன்னுடையவை. அப்பாவின் பாட்டுகள் அழியாமல் விளம்பரங்களை நீக்குவது எப்படி என்று தேடியிருக்கிறாய். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாய். பத்து மணிப் படங்கள் என்னுடையவை. அதே பச்சைப் பொத்தானை அமுக்கி, நீ எடுத்ததையெல்லாம் திரும்ப உள்ளே விட்டிருக்கிறேன். பத்து நாளும் இப்படித்தான். இலவசம்னு கண்டா அமுக்காதீங்க என்று நீ ஒருநாள் சொன்னபோது எனக்குப் படிப்பிக்க வராதே என்று எரிந்து விழுந்ததும் நினைவிருக்கிறது.

உன் அம்மா அந்தப் படங்களைப் பார்த்தாள். "எனக்க பிள்ளைய வெரட்டியாச்சு, இனி அந்தப் பெட்டியக் கட்டிப்பிடிச்சு இருங்க" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. சிஜி எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டாள். விளம்பரம் வரவில்லை. இப்போது என்மேல்தான் எனக்கு அருவருப்பு.

வெள்ளிக்கிழமை மாலை ஜெபக்கூட்டம் மறுபடி நம் வீட்டில்தான். டிவி கிடையாது, புத்தகம் பார்த்துத்தான் பாடுவோம். ஜெபக் குறிப்புகள் போன விஷயத்தை அன்று எல்லோரிடமும் சொல்லியாக வேண்டும். அவர்கள் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். அதற்கு முன்னால் உன்னைப் பற்றிச் சொல்வேன். பொய் சொன்ன இடத்திலேயே நின்று, அதே ஆட்களிடம், தப்பு என்னுடையது என்று சொல்வேன். நீ வராவிட்டாலும் சொல்வேன். ஆனால் மக்கா, அன்று பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தலை குனிந்து நின்றாயே, அந்த இடத்தில் நீ தலை நிமிர்ந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும்.

உன்னைப் பத்திரமாகப் போகவிட்ட கர்த்தர், பத்திரமாகத் திரும்பவும் கொண்டுவரட்டும்.

அப்பா