துணிக்கடை வாசலில் நான் அசையாமல் நின்றது

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நானும் வழக்கம்போல் சிங்கம் மாதிரி இருக்கிறேன். நீ அங்கே வெளிநாட்டில் நடுத்தெருவில் நின்றாலும் படுத்தாலும், வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரயில் நிலையத்தில் உடம்பெல்லாம் வெள்ளைச் சாயம் பூசி ஆறு மணி நேரம் சிலையாக நின்றாயே, அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து உன் அம்மா உன் போனை எடுப்பதில்லை. பெத்த பொண்ணு தெருவுல நிக்கிறா, போறவன் வர்றவன் தொட்டுப் பாக்குறான், இதுக்குப் பேரு கலையாடா என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். எட்டாம் வகுப்பை மட்டுமே மூன்று வருடம் ஆழமாகப் படித்தவன் நான், எனக்குக் கலை தெரியாதா? அக்கா, சும்மா நிக்கிறதுதான் உலகத்துலயே கஷ்டமான வேலை, நானே நின்னு காட்டுறேன் என்று சவால் விட்டுவிட்டு, போன செவ்வாய்க்கிழமை நம் துணிக்கடை வாசலில் புதுச் சட்டையோடு ஒரு கையை நீட்டி நின்றேன். இடம் பிடித்ததில்தான் தப்பு, எனக்கு இந்தப் பக்கம் ஒரு பொம்மை, அந்தப் பக்கம் ஒரு பொம்மை. முதலில் வந்த அம்மாள் என் காலரைப் புரட்டித் தையலைப் பார்த்துவிட்டு, சட்டை நல்லாருக்கு, பொம்மைக்குத்தான் தொப்பை ஜாஸ்தி என்றாள். ஒருவர் என் கையில் குடையை மாட்டிவிட்டு உள்ளே போனார். நம் தையல்காரருக்கு நான்தான் என்று தெரியும், தெரிந்தே என் கழுத்தில் அளவு நாடாவைப் போட்டு, முதலாளி இன்னைக்குத்தான் கடைக்கு உபயோகமா இருக்காரு என்றார். கூட்டம் ஐயாயிரம் பேர் இருக்கும். நான்கு மணி நேரம் கண் இமைக்கவில்லை. தையல்காரர் இருபது நிமிஷம் என்று சொல்லித் திரிகிறார், அவர் கடிகாரம் ஓடாது.

அப்போது உன் அம்மா வந்தாள். மானத்தை வாங்காதடா, உள்ள வா என்று கத்தினாள். நான் அசையவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கித் திகுதிகுவென்று எரிகிறது, துடைக்கவும் இல்லை. கத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, கைக்குட்டையால் என் முகத்தைத் துடைத்தாள். பிறகு மெதுவாக, அவளுக்கு அங்க யாருடா துடைச்சு விடுறா என்று கேட்டாள். அப்போதுதான் நீட்டிய கையை இறக்கினேன், மருமகளே.

மறுநாளே பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கக் கிளம்பிவிட்டாள். நீ அடுத்து எங்கே, எந்தத் தேதியில் நிற்கிறாய் என்று கேட்டு எழுதச் சொன்னாள், மறக்காமல் எழுது. உன் புகழ் உலகமெல்லாம் பரவட்டும், நூறு வயது நன்றாக இரு. ஒன்று மட்டும் சொல்கிறேன், அவள் வந்து உன் முன்னால் நிற்கும்போது நீ கொஞ்சம் அசைந்தால் கலை ஒன்றும் கெட்டுப்போகாது.

இப்படிக்கு,
உன்னை வளர்த்ததில் பாதிப் பங்கு உள்ள
உன் ஒரே மாமா