சிட்ரோயன் பெட்டி வரும் நாள்

அப்பா,

ரொட்டிக் கடை வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அடுப்பில் வெங்காய சூப் இருக்கிறது.

நாம் ஒட்டிச் சேர்க்க வேண்டிய பழைய சிட்ரோயன் காரின் மாடல் பெட்டி இன்று தபாலில் வரும். விடிந்ததிலிருந்து நான்கு முறை ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டேன். மணி அடித்ததும் கதவைத் திறங்கள். தாமதித்தால் தபால்காரர் 'ஆள் இல்லை' என்று சீட்டைப் போட்டுவிட்டுப் பெட்டியோடு போய்விடுவார். திங்கட்கிழமை தபால் நிலையம் திறக்கும்வரை என்னால் பொறுக்க முடியாது.

போன மாடல் காரின் கண்ணாடி, நான் அவசரப்பட்டுப் போட்ட சூப்பர் பசையால் வெளுத்துப்போனது. "பள்ளிக்கூடத்தையும் பாதியில விட்ட, இதையும் கெடுத்துட்ட, இனிமே தொடாத" என்றீர்கள். அதன்பிறகு நாம் சரியாகப் பேசவில்லை.

மிஞ்சிய கண்ணாடித் துண்டில் வெள்ளைப் பசை போட்டுப் பார்த்தேன், மங்கவே இல்லை. மேசையில் இருக்கிறது, பாருங்கள்.

ஸொலென்

பி.கு.: எனக்காகக் காத்திருக்காமல் பெட்டியைப் பிரித்துவிடுங்கள். கதவு, சக்கரம் எல்லாம் நீங்களே ஒட்டுங்கள். கண்ணாடியை மட்டும் எனக்கு விட்டுவையுங்கள்.