லாப் என்று எழுதாத கல்

இன்றைக்குக் காலையில் கொதிக்கக் கொதிக்கக் காபி ஊற்றி, நீ போடுகிற மாதிரியே அதற்குள் சீஸ் துண்டு போட்டேன். மருமகள் பார்த்துவிட்டு, "அத்தே, சீனின்னு நெனச்சுப் போடுறீங்களா? கண்ணு தெரியலையா?" என்று பதறினாள். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். ஆடலூர்க் காபியின் வாசத்தோடு அந்தச் சீஸ் மணமும் அடுப்படி முழுக்கப் பரவியதும், மாடிப்படியில் உன் கம்பளிச் செருப்புச் சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள். உங்கள் ஊர்ச் சீஸ் உருகாது, மெல்லும்போது கீச்சென்று கத்தும் என்பாய். கொடைக்கானல் சீஸ் நூலாய் இழுத்துக்கொண்டு வந்தது. இப்போதும் சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனாலும் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

நேற்று உன் கல்லறையில் கல்லை நட்டார்கள். அந்தச் சேதியைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தை மாதக் குளிரில் காய்ச்சலோடு மாடியில் படுத்திருந்தாய். கஞ்சி கொண்டுவந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கயே செத்தா, கல்லுல லாப்னு போட விடாத. வேற எதுவும் வேணாம்" என்றாய். "வாயக் கழுவு! காய்ச்சலுக்கெல்லாம் எவளாச்சும் சாவாளா?" என்று திட்டினேன். திட்டிக்கொண்டேதான் சரி என்றும் சொன்னேன். பாவி, நான் சொன்னதைப் பொய்யாக்கிவிட்டுப் போய்விட்டாய்.

ஐரோப்பாவின் வடகோடியில், உங்கள் ஊரில் சூரியன் எட்டிப் பார்க்காத மாதங்களில் எல்லாம் கொடைக்கானலுக்கு, எங்கள் மாடிக்கு வந்துவிடுவாய். ஊரே குல்லாவும் ஸ்வெட்டருமாய் நடுங்க, நீ மட்டும் ரப்பர் செருப்போடு ஏரியைச் சுற்றி வந்து, "இது குளிரா?" என்று கேட்பாய். முதல் வருஷமே டாக்ஸி ஸ்டாண்டு பையன்கள் போனில் தேடிப் பார்த்து உனக்கு லாப்லாந்தம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள். பிரியமாகத்தான் வைத்தார்கள். காய்கறிக் கடை, மருந்துக் கடை, தபால்காரர் வரைக்கும் அதே பேர்தான். ஒவ்வொரு தடவையும் உன் முகம் ஒரு நொடி சுருங்கும், பிறகு சிரிப்பாய். உனக்குப் பல்வலி என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அந்தச் சுருக்கம் எனக்குப் புரிந்தது பூம்பாறை பஸ்ஸில்தான். பூண்டு வாங்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? எதிர் சீட்டில் ஒரு பெரியம்மா, மடியில் கேரட் பை. நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, நம் ஊரில் எல்லாரும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டது.

"நீங்க என்ன ஆளுக?"

எனக்கு முகம் எரிந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். வெளியே இருந்து வந்தவளுக்கு அந்தக் கேள்வியின் உள்குத்து எங்கே தெரியும்? நீ சந்தோஷமாய்த் திரும்பி உட்கார்ந்து, என்னிடம் கற்ற தமிழில், "பெரிய கதை. உங்களுக்குச் சோலி ஏதும் இருக்கா?" என்று கேட்டாய். பெரியம்மா வாயைப் பிளந்துவிட்டது. "பஸ்ஸுக்குள்ள எனக்கென்ன தாயி சோலி கெடக்கு? சொல்லு."

நீ சொன்னாய். "சுவீடன்காரங்க எங்கள லாப்னாங்க. அவங்க பேச்சுல லாப்னா ஒட்டுத்துணி. இல்ல, பின்லாந்துப் பேச்சுல ஓரம்னு ஒரு சொல்லு இருக்கு, அதுலருந்து வந்துச்சுங்கறாங்க சில பேரு. யாருக்கும் உறுதியாத் தெரியாது. ஆனா பள்ளிக்கூடத்துல அதச் சொல்லித்தான் என் பின்னல பிடிச்சு இழுத்தாங்க." நார்வேக்காரர்கள் அந்தக் காலத்தில் உங்களை ஃபின் என்றார்களாம். தேடித் திரிகிறவர்கள் என்று அதற்கு அர்த்தம் இருக்கலாமாம். அப்புறம் அந்தப் பேரையும் தூக்கிப் பக்கத்தில் இருக்கிற பின்லாந்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். "வீட்டுக்குள்ள நாங்க சாப்மெலஷ். எங்க நிலமும் சாப்மி, எங்க சனமும் சாப்மி. வெளிய சாமின்னு சொல்லுவோம்."

"பழனி மலையில நின்னுக்கிட்டு நான் சாமின்னு சொன்னா உன்னையக் கும்பிட்ருவாங்களே!" என்று பெரியம்மா சிரித்தது. "சரி, அந்தப் பேராச்சும் உங்களதா?"

நீ தோளைக் குலுக்கினாய். அதுவும் ரொம்பக் காலத்துக்கு முன்னால் பக்கத்துச் சனத்தின் பேச்சிலிருந்து வாங்கியதாக இருக்கலாம், அங்கே அதற்கு நிலம் என்று அர்த்தம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள் என்றாய். "வாங்குனதா இருந்தாலும் அதத்தான் எங்கம்மா சொன்னா. அதனால அது எங்களது."

பெரியம்மா தலையை ஆட்டியது. "கீழ இருக்கறவன் எங்களையும் மலைக்காரன், காட்டாளுன்னுதான் சொல்லுவான். கெடக்குறான் விடு" என்று சொல்லி, இறங்கும்போது உன் கையில் இரண்டு கேரட்டைத் திணித்துவிட்டுப் போனது. என்னை அது மறுபடி கேட்கவில்லை. தப்பித்தோம் என்று இருந்தது எனக்கு.

அன்றைக்குச் சாயங்காலம்தான் உன்னிடம் சொன்னேன். இலங்கையில், தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் நான். அங்கே எங்களைத் தோட்டக்காட்டான் என்பார்கள், இந்தியாக்காரன், உன் ஊருக்குப் போ என்பார்கள். கப்பலேறி வந்து இறங்கினால், இங்கே சிலோன்காரி. பள்ளிக்கூடத்தில் டீயைத் தேத்தண்ணி என்று சொல்லிவிட்டேன் என்று ஒரு வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு நான் அந்தச் சொல்லை வாயில் எடுக்கவே இல்லை. என் பிள்ளைகளுக்குக்கூட லயத்துக் கதை ஒன்றும் சொன்னதில்லை.

ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். நீ சொல்லவில்லை. என்னைக் கேட்காமலே என் காபிக்குள் சீஸைப் போட்டு, "வீட்டுக்குள்ள உங்கம்மா என்ன சொல்லுவா?" என்று கேட்டாய். அம்மா எந்தப் பேரும் சொன்னதில்லை. யாராவது லயத்துக்காரர் வாசலில் வந்து நின்றால், "வாங்க வாங்க, நம்மாளுகதான்" என்பாள். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். நீயும் அழுதாய், நான் பார்த்தேன். சீஸ் சூடு என்று சமாளித்தாய்.

இப்போது கல் சங்கதிக்கு வருகிறேன். சபை மூப்பர் தங்கமான மனுஷன், உன் அடக்கத்தை அவர்தான் முன்னால் நின்று நடத்தினார். ஆனால் கல்லுக்கு 'லாப்லாந்து தேசத்துச் சகோதரி' என்று அழகாய் எழுதிக் கல் கொத்துகிற தம்பியிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் வெள்ளனே வேலை ஆரம்பம். எனக்குத் தெரிந்ததும் போட்டது போட்டபடி ஓடினேன்.

"எம்மா, ஊரே அப்படித்தான கூப்பிட்டுச்சு? எல்லாருக்கும் புரியும்ல?" என்றார்.

"புரியுது, அதுக்காக அவளுக்குப் பிடிக்காத பேரை அவ தலைமாட்டுலயே வெட்டணுமா? நாளைக்கு நான் செத்தா என் கல்லுல தோட்டக்காட்டான்னு வெட்டி வைப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் திகைத்துப் போனார். அதுவரைக்கும் நான் லயத்துக்காரி என்று அவருக்குமே தெரியாது.

"சரிம்மா, சாமின்னு போட்டா நம்ம சனம் வேற மாதிரியில்ல வாசிக்கும்? கல்லறைத் தோட்டத்துல சாமியான்னு கேப்பாங்களே."

"அப்ப அவ வீட்டுக்குள்ள சொன்னதப் போடுங்க. சாப்மெலஷ்."

"யாருக்கும் புரியாதே!"

"புரியாதவங்க கேக்கட்டும். பதில் சொல்ல நான் இருக்கேன்."

பிறகு தம்பியிடமிருந்து தாளை வாங்கி அவரே அடித்து எழுதினார். உன் பேருக்குக் கீழே இப்போது அந்த ஒரு சொல் மட்டும்தான் இருக்கிறது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், போதுமா?

நேற்று எல்லாரும் போன பிறகு நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். புல் அறுக்கிற பெண் ஒருத்தி அரிவாளோடு பக்கத்தில் வந்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவங்க என்ன ஆளுகம்மா?"

பஸ்ஸில் நீ சொன்னதையெல்லாம் அப்படியே சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். வாயைத் திறந்தால் வந்தது வேறு. "நம்மாளுதான்" என்றேன்.

அவள் விடவில்லை. "அப்ப நீங்க?"

முகம் எரியும் என்று காத்திருந்தேன். எரியவில்லை. உன் கல்லுக்குப் பக்கத்தில் முந்தானையால் தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

"பெரிய கதை தாயி," என்றேன். "உனக்குச் சோலி ஏதும் இருக்கா?"