தலைவாரும்போது கேட்டது

தங்கச்சி,

ஒரு வாரமாகப் பாப்பாவை ஏன் உன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று கேட்டாய். சளி என்றேன். சளி இல்லை.

போன வாரம் கூச்ச சுபாவமுள்ள குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக்கு அவளைக் கூட்டிப்போயிருந்தேன். அங்கே அவள் தலையில் ஒயர் வைத்த தொப்பியை மாட்டி, திரையில் கோபமாக ஒன்று, சாதாரணமாக ஒன்று என்று இரண்டிரண்டு முகங்களாகக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் அவள் கண் கோப முகத்துக்கே ஓடியது.

"கூச்ச சுபாவம் உள்ள சில குழந்தைங்களுக்கு மூளையே இப்படித்தாங்க. யாரும் பயமுறுத்தியிருக்கணும்னு இல்ல" என்றார் ஆராய்ச்சி செய்யும் அம்மா. நான் நம்பவில்லை. மத்தியானமெல்லாம் உன்னிடம்தானே இருக்கிறாள்? உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம்.

நேற்றுத் தலைவாரும்போது மெல்லக் கேட்டேன். "சித்தி கோவப்படுவாங்களா?"

"கத்துவாங்க. அப்புறம் மறந்துருவாங்க." கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ கத்தவே மாட்டம்மா. கோவமா இருக்கியான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்."

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு, கை கழுவுவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

திங்கட்கிழமை அவளை நானே அழைத்து வருகிறேன். உன்னைச் சந்தேகப்பட்டதற்கு என்னை நாலு வார்த்தை திட்டிவிடு. மனசுக்குள் வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டாம். அதற்குக் குடும்பத்தில் நான் ஒருத்தி போதும்.

உன் அக்கா